பள்ளிக்கூடம் கேட்ட படைவீரர்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழு கேட்டதும், காந்தி, நேரு, பாரதி, காமராஜர் என்று ஆளுக்கு ஒருவராகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்த பெயரைக் கேட்டு யாரப்பா அது என்று சிரித்தார்கள். அவர் பெயர் தர்வான் சிங் நேகி. இமயமலை அடிவாரத்திலே, உத்தராகண்ட் மாநிலத்தின் கார்வால் மலைப்பகுதியில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. விக்டோரியா கிராஸ் என்ற விருதை இந்தியர்களிலே முதன்முதலாகக் கையில் வாங்கிய வீரர் அவர். ஆனால் அவர் வாங்கிய விருதுக்காக நான் இதை எழுதவில்லை. அவர் கேட்ட ஒரு பொருளுக்காகத்தான் எழுதுகிறேன்.

மலையும் மனிதர்களும்

கார்வால் என்பது படிக்கட்டு போல வெட்டிய வயல்களும், பள்ளத்தாக்குகளும், வேகமாக ஓடும் ஆறுகளும் உள்ள நாடு. நம்ம ஊரு மாதிரி நாலு பக்கமும் சமவெளி கிடையாது. ஒரு குடும்பத்துக்கு இருக்கும் நிலம் மலைச்சரிவில் துண்டு துண்டாக இருக்கும். அதில் விளைவதை வைத்து வருஷம் முழுக்கச் சாப்பிட முடியாது. ஆகவே வீட்டுக்கு ஒரு ஆண் வெளியே போய்ச் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலைமை. அந்த மலை மக்களுக்கு அன்று கிடைத்த நிரந்தர வேலை பட்டாளம்தான்.

1887-ஆம் ஆண்டு கார்வால் இளைஞர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு ஒன்றை ஆங்கிலேயர்கள் தொடங்கினார்கள். காலுடாண்டா என்ற காட்டு மேட்டில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் முகாம் அமைத்தார்கள். அன்றைய வைஸ்ராயின் பெயரால் அந்த இடம் லேன்ஸ்டவுன் என்று ஆனது. இன்றைக்கும் கார்வால் ரைபிள்ஸ் படையின் தாய்வீடு அதுதான்.

ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, வீட்டையும் வயலையும் மாட்டையும் பார்த்தது பெண்கள். விறகு சுமப்பது, தண்ணீர் சுமப்பது, நாற்று நடுவது, அறுப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான். மாதா மாதம் தபால்காரர் கொண்டு வரும் மணியார்டர்தான் அடுப்பு எரிய வைக்கும். அதனால் அந்தப் பகுதியின் வாழ்க்கையை மணியார்டர் பொருளாதாரம் என்றே அறிஞர்கள் எழுதுகிறார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் கிராமத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள், இது உடனே புரியும்.

இப்படிப்பட்ட நாட்டில், இன்றைய சமோலி மாவட்டத்தில் உள்ள காஃபர்தீர் என்ற சிற்றூரில், 1880-களின் தொடக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் தர்வான் சிங். 1902-ஆம் ஆண்டு அவரும் ஊர்ப் பிள்ளைகள் போன வழியிலேயே போய் 39-ஆவது கார்வால் ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் நாயக் பதவிக்கு வந்திருந்தார். தோளில் இரண்டு பட்டை. கீழே சில சிப்பாய்கள். அவ்வளவுதான். அமைதிக்காலமாகவே போயிருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்திருப்பார்.

கடல் தாண்டிப் போனார்கள்

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூண்டது. ஆங்கில அரசிடம் அப்போது போதிய படை இல்லை. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றினார்கள். அந்தப் போர் முடிவதற்குள் கடல் கடந்து அனுப்பப்பட்ட இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவேயில்லை.

கார்வால் படையின் இரண்டு பட்டாலியன்களும் 1914 அக்டோபரில் பிரான்ஸ் நாட்டின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. இந்திய வீரர்கள் போட்டிருந்தது நம்ம நாட்டு வெயிலுக்கு ஏற்ற பருத்தி உடை. அங்கேயோ குளிர்காலம் தொடங்கிக்கொண்டிருந்தது. கம்பளி உடை எல்லோருக்கும் வந்து சேர்வதற்குள் பலர் பதுங்குகுழியின் சேற்றிலே நின்று விறைத்துப் போனார்கள். யாருடைய நாட்டுக்கும் யாருடைய நாட்டுக்கும் சண்டை, எதற்காகச் சண்டை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அது நம் விடுதலைக்காக நடந்த போர் அல்ல. நம்மை ஆண்டவர்களுக்காக நம் ஆட்கள் போட்ட சண்டை. இதைத் தெரிந்துகொண்டேதான் நாம் தர்வான் சிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை, சம்பளத்துக்காகச் சேர்ந்த வேலையிலே, தன் பக்கத்தில் நிற்கும் தோழர்களைக் கைவிடாமல் நின்றான் என்பதை மதிப்பதற்கு, அவனை அனுப்பிய அரசை நாம் மதிக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

அந்த ஓர் இரவு

பிரான்சின் வடக்கே ஃபெஸ்டுபேர் என்று ஒரு சிற்றூர். 1914 நவம்பர் 23-ஆம் தேதி இந்தியப் படை காத்துவந்த பதுங்குகுழி வரிசையில் ஒரு பகுதியை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடிவதற்குள் அதைத் திரும்பப் பிடித்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த வேலை முதலாம் கார்வால் பட்டாலியனிடம் வந்தது.

பதுங்குகுழி எப்படி வெட்டுவார்கள் என்று சிவில் படிக்கிற நண்பர்களுக்குச் சொன்னால் சுவையாக இருக்கும். நீளமாக ஒரே கோட்டில் வாய்க்கால் மாதிரி வெட்டமாட்டார்கள். அப்படி வெட்டினால் ஒரு குண்டு விழுந்தாலும் அதன் சிதறல் கடைசிவரை பாயும். ஒருவன் உள்ளே குதித்து நின்றுகொண்டு வரிசை முழுவதையும் சுட்டுவிடலாம். அதனால் சில கஜங்களுக்கு ஒருமுறை நடுவில் மண்மேட்டை விட்டு, அதைச் சுற்றி வளைத்து வெட்டுவார்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு மண்சுவர். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் எதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அதைப் பிடிக்கப் போகிறவனுக்கு ஒவ்வொரு திருப்பமும் எமன் வாசல்தான். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாது. முதலில் திரும்புகிறவன் மேல்தான் முதல் குண்டு.

கார்வால் வீரர்கள் இரவோடு இரவாகப் பக்கவாட்டிலிருந்து குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு வளைவாகப் பிடித்துக்கொண்டே போனார்கள். கைக்குண்டும் துப்பாக்கியும் துப்பாக்கி முனைக் கத்தியும்தான் ஆயுதம். அந்த இரவு முழுவதும், திருப்பத்துக்குத் திருப்பம் முன்னால் போனவர்களில் ஒருவர் நாயக் தர்வான் சிங் நேகி. தலையில் இரண்டு இடத்தில் காயம். கையிலும் காயம். இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் பின்வாங்கவில்லை. வெகு நெருக்கத்திலிருந்து வந்த குண்டுகளுக்கும் கைக்குண்டுகளுக்கும் நடுவே அடுத்த திருப்பம், அதற்கடுத்த திருப்பம் என்று போய்க்கொண்டே இருந்தார். 24-ஆம் தேதி விடிந்தபோது குழி வரிசை மீட்கப்பட்டிருந்தது.

விக்டோரியா கிராஸ் ஆங்கிலேயர் படையின் மிக உயர்ந்த வீர விருது. 1856-இல் அது ஏற்படுத்தப்பட்டாலும், இந்தியச் சிப்பாய் எவ்வளவு வீரம் காட்டினாலும் அவனுக்கு அது கிடையாது என்றுதான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக விதி இருந்தது. 1911-ஆம் ஆண்டு டெல்லி தர்பாரின்போதுதான் ஐந்தாம் ஜார்ஜ் அரசர் அந்த விதியை மாற்றினார். மூன்று வருஷம் கழித்து வந்த போரிலே இரண்டு இந்தியர்களுக்கு விருது அறிவிக்கப்பட்டது. ஒருவர் பலூச் படையைச் சேர்ந்த குதாதாத் கான். அவர் வீரம் காட்டிய நாள் 1914 அக்டோபர் 31. இன்னொருவர் நம் தர்வான் சிங். அரசிதழில் இருவர் பெயரும் ஒரே நாளில், 1914 டிசம்பர் 7-ஆம் தேதி வெளிவந்தன. குதாதாத் கான் காயத்தோடு இங்கிலாந்தில் மருத்துவமனையில் இருந்தார். ஆகவே டிசம்பர் 5-ஆம் தேதி போர்முனைக்கு வந்திருந்த அரசர் கையால் முதலில் விருதைப் பெற்றவர் தர்வான் சிங் ஆனார். இந்த இருவரில் யார் முதல்வர் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் குழம்ப வேண்டாம்: செயலில் முந்தியவர் குதாதாத் கான், கையில் வாங்கியதில் முந்தியவர் தர்வான் சிங்.

அரசர் முன்னால் கேட்டது

இனிமேல் சொல்லப்போவதுதான் என் மனசைத் தொட்ட இடம்.

விருது கொடுத்த அரசர், உனக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டதாகக் கார்வால் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் காலத்தில் வீரர்களுக்கு நிலம் கொடுப்பது வழக்கம்தான். பஞ்சாபில் புதிய கால்வாய்கள் வெட்டிய இடங்களில் போர் வீரர்களுக்கென்றே நல்ல பாசன நிலம் ஒதுக்கினார்கள். துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்ட மலைக் குடும்பத்துப் பிள்ளை நிலம் கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். வீடு கேட்டிருக்கலாம். பணம் கேட்டிருக்கலாம். பதவி கேட்டிருக்கலாம்.

தர்வான் சிங் இரண்டு விஷயம் கேட்டாராம். ஒன்று, கர்ணப்பிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம். இன்னொன்று, ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரைக்கும் ஒரு ரயில் பாதை.

நண்பர்களே, கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தலையில் கட்டோடு, ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் நிற்கிற ஒரு மனிதன். அவன் மனசிலே வந்தது தன் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு! ஊர்ப்பக்கத்தில் மேல்படிப்புக்கு வசதி இல்லாததால், பிள்ளைகள் பவுரி போன்ற தூரத்து ஊர்களுக்கு நாள்கணக்கில் மலையேறி நடந்து போக வேண்டியிருந்த காலம் அது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. மாடு மேய்க்கும், வயசு வந்ததும் பட்டாளத்துக்குப் போகும். இந்த வட்டத்தை அவர் உள்ளே இருந்தே பார்த்தவர்.

எங்க வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதற்கும் தூரத்தில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்க அக்கா எட்டாவதோடு நின்றதற்குக் காரணம் படிப்பு வராததல்ல. ஒன்பதாவது இருந்த பள்ளிக்கூடம் பஸ் போகாத இடத்தில் இருந்ததுதான். ஆகவே தர்வான் சிங் கேட்டது எனக்கு வெறும் கதையாகத் தெரியவில்லை.

கர்ணன் பெயர் கொண்ட ஊர்

அவர் கேட்ட பள்ளிக்கூடம் வந்தது. போர் முடிந்த ஆண்டான 1918-இல் கர்ணப்பிரயாகையில் போர் நினைவு நடுநிலைப்பள்ளி தொடங்கப்பட்டது. ஊருக்கு நடுவே கற்றூண் நட்டு மாலை போடுவதுதான் போர் நினைவுச் சின்னம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த நாளில், ஒரு மலையூரில் கரும்பலகையும் சாக்பீசும் போர் நினைவுச் சின்னமாக ஆயின. பின்னாளில் அது வளர்ந்து, நம்ம ஊர் மேல்நிலைப்பள்ளி போன்ற இன்டர் காலேஜாகவும் ஆனது.

கர்ணப்பிரயாகை என்ற பெயரையும் கவனியுங்கள். அலக்நந்தா ஆறும் பிண்டர் ஆறும் கூடும் இடம். மகாபாரதக் கர்ணன் அங்கே தவம் செய்தான் என்று ஐதீகம். கொடை என்றால் கர்ணன் என்று நம் பாட்டிமார் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கர்ணன் பெயரில் உள்ள ஊருக்காக, தனக்கென்று கேட்காமல் ஊருக்கென்று கேட்டவர் ஒருவர் இருந்தார் என்பது எத்தனை பொருத்தம்!

நூறு வருஷம் காத்திருந்த ரயில்

பள்ளிக்கூடம் நான்கே வருஷத்தில் வந்தது. ரயில்? அதற்கு அளவெடுப்பு வேலை ஆங்கிலேயர் காலத்திலேயே நடந்தது. பிறகு ஏட்டோடு நின்றுவிட்டது. அந்த மலையில் பாதை போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. நொறுங்கும் பாறை, மண்சரிவு, நிலநடுக்க அபாயம் எல்லாம் சேர்ந்த இடம் அது.

கடைசியில் 2011-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். ரிஷிகேஷ் முதல் கர்ணப்பிரயாகை வரை சுமார் 125 கிலோமீட்டர். அதில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே போகிறது! தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் நடுவில் உள்ள சுரங்கம் மட்டும் 14 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரத்தைக் கொண்டு குடைந்து, 2025 ஏப்ரலில் அதன் மறுமுனையை எட்டினார்கள். இந்தப் பாதையின் தொடக்கத்தில் உள்ள யோக் நகரி ரிஷிகேஷ் நிலையத்துக்கு 2021 முதலே ரயில் வரத் தொடங்கிவிட்டது.

டிப்ளமோ படிக்கிற நாம் இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தால், எத்தனை மீட்டர், என்ன இயந்திரம், எத்தனை கோடி என்றுதான் பார்ப்போம். அந்தச் சுரங்கத்தின் மறுமுனையில், 1914-ஆம் வருஷத்துப் பனியிலே நின்றுகொண்டு அதைக் கேட்ட ஒரு நாயக் இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சர்வே, ஒரு பாலம், ஒரு சுரங்கம் என்று நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடங்களிலும் இப்படி யாரோ ஒருவருடைய பழைய வேண்டுதல் புதைந்து கிடக்கும்.

தர்வான் சிங் சுபேதார் பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். நாடு விடுதலை அடைந்ததையும், குடியரசானதையும் பார்த்துவிட்டு, 1950 ஜூன் 24-ஆம் தேதி காலமானார். லேன்ஸ்டவுனில் உள்ள கார்வால் ரைபிள்ஸ் படையின் அருங்காட்சியகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடைத்ததா?

அவரைப் பற்றி மட்டும் எழுதி முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே மலையிலிருந்து அதே படையில் சேர்ந்த இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கப்பர் சிங் நேகி. டெஹ்ரி பகுதியில் சம்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1915 மார்ச் 10-ஆம் தேதி நியூவ் ஷாப்பெல் சண்டையில் இறந்தார். இருபது வயசுகூட நிரம்பவில்லை; நம்ம சீனியர்களின் வயசு! இறந்த பிறகு அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவர் உடலுக்குக் கல்லறைகூடக் கிடையாது. பிரான்சில் நியூவ் ஷாப்பெலில் 1927-இல் எழுப்பிய இந்திய நினைவுச் சின்னத்தில் பொறித்த 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. ஆனால் சம்பாவில் வருஷா வருஷம் ஏப்ரலில் அவர் பெயரால் மேளா நடக்கிறது. ஊரே கூடுகிறது, படை வீரர்கள் வந்து மரியாதை செய்கிறார்கள். அவருடைய மனைவி சதூரி தேவி மறுமணம் செய்துகொள்ளாமல், கணவரின் பதக்கத்தை மார்பிலே அணிந்து வாழ்ந்தவர். அந்த அம்மாவைக் கண்டால் பட்டாளத்துக்காரர்கள் சல்யூட் அடிப்பார்களாம். பதக்கம் வாங்கியவருக்கு வாழ்க்கை இருபது வருஷத்துக்குள் முடிந்தது. அதைச் சுமந்தவருக்கு எத்தனை வருஷம்! வீரர்களைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்ட பெண்களை நாம் எழுத மறந்துவிடுகிறோம்.

இன்னொருவர் சந்திர சிங் கார்வாலி. அவரும் முதல் உலகப்போரில் பிரான்சில் சண்டை போட்டவர்தான். 1930 ஏப்ரல் 23-ஆம் தேதி பெஷாவர் நகரில் ஆயுதமில்லாமல் கூடியிருந்த மக்கள் மேல் சுடச் சொன்னார்கள். அவரும் அவருடைய கார்வால் தோழர்களும் சுட மறுத்தார்கள். இந்துப் படை, எதிரே முஸ்லிம் மக்கள். எளிதாகச் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்த அரசுக்கு அது பெரிய அடி. அதற்குக் கிடைத்த பரிசு ஆயுள் தண்டனை, சொத்து பறிமுதல். பதினோரு வருஷம் சிறையில் இருந்து 1941-இல் வெளியே வந்தார். 1979-இல் காலமானார். அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1994-இல். இன்று கார்வாலின் ஸ்ரீநகரில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர். ஆனால் அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை.

குழிக்குள்ளே முன்னேறிப் போனது ஒரு தைரியம். துப்பாக்கியைத் தாழ்த்தியது இன்னொரு தைரியம். முதலாவதற்கு அரசரே வந்து பதக்கம் குத்தினார். இரண்டாவதற்கு மரியாதை வருவதற்கு ஒரு ஆயுள் ஆயிற்று. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே தராசில் வைக்க வேண்டியவை.

ஊர் மறக்காமல் இருக்க

இன்று உத்தராகண்டில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்று சொல்லுமளவுக்குப் படை மரபு உள்ள ஊர்கள் உண்டு. சமோலி மாவட்டத்தில் சவாட் என்ற கிராமம் அப்படிப்பட்டது. அங்கே போர் நினைவுச் சின்னமும் இருக்கிறது. 2021-இல் மாநிலமெங்கும் உயிர்நீத்த வீரர்களின் வீட்டு முற்றத்து மண்ணைச் சேகரித்து, டேராடூனில் சைன்ய தாம் என்ற நினைவிடம் அமைக்க எடுத்துச் சென்றார்கள். அதே சமயம், வேலை தேடி மக்கள் இறங்கிவிட்டதால் ஆளே இல்லாமல் போன மலைக் கிராமங்களும் அந்த மாநிலத்தில் நிறைய. பள்ளிக்கூடமும் ரயிலும் வேண்டும் என்று தர்வான் சிங் ஏன் கேட்டார் என்பது இப்போது நன்றாகப் புரிகிறது அல்லவா? நினைவுச் சின்னத்துக்கு மாலை போட ஊரில் ஆள் இருக்க வேண்டும். ஆள் இருக்க வேண்டுமானால் ஊரில் வாழ வழி இருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் அதே முதல் உலகப்போரின் அடையாளம் இருக்கிறது. வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. அந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர் என்று அது கணக்குச் சொல்கிறது. பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். தினமும் எத்தனையோ பேர் அதன் கீழே காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பதினான்கு பேர் யார் வீட்டுப் பிள்ளைகளோ!

எங்க ஊரிலும் ஒரு மிலிட்டரி தாத்தா இருக்கிறார். காலை நாலரை மணிக்கு எழுந்து நடப்பார். டீக்கடை பெஞ்சில் அவர் வந்தால் இடம் விடுவாங்க. அதுதான் ஊர் அவருக்குக் கொடுக்கும் பதக்கம். ஆனால் அவர் ஊருக்குக் கொடுப்பது அதைவிட அதிகம். முதியோர் பென்ஷன் மனு, ஜாதிச் சான்றிதழ் மனு, பேங்க் பாரம் எதுவாக இருந்தாலும் எழுதத் தெரியாதவர்கள் அவர் திண்ணைக்குத்தான் போவார்கள். இந்தப் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை எனக்குப் பூர்த்தி செய்து கொடுத்ததும் அவர்தான். பேனாவை மூடிவிட்டு, காசு எதுவும் வாங்காமல், மார்க் ஷீட்டைப் பத்திரமா வை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தர்வான் சிங்கின் கதையைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து ஊர்ப் பிள்ளையின் படிப்பை நினைக்கிறவர்கள் கார்வாலில் மட்டும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள். 1949 முதல் நாடு முழுவதும் கொண்டாடப்படுகிறது. தர்வான் சிங்கின் பெயர் அரசிதழில் வந்த தேதியும் அதே டிசம்பர் 7 என்பது தற்செயலாக அமைந்த ஒற்றுமை. அன்று உண்டியல் வரும். பத்து ரூபாய் போட்டுச் சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொள்வோம். சாயந்திரம் கொடி எங்கேயோ விழுந்துவிடும். அந்தப் பணம் போரில் ஊனமுற்றவர்களுக்கும், வீரர்களின் விதவைகளுக்கும், பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே உண்டியலில் போடுவது நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

முன்னாள் படைவீரர்களுக்கு அரசு உதவிகள் உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. நம்மைப் போன்ற படிப்புகளின் சேர்க்கையில் ஒதுக்கீடும் உண்டு. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கிறது. ஆனால் கிராமத்திலே தனியாக இருக்கிற ஒரு வயதான விதவைக்கு அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்தக் காகிதம் வேண்டும் என்று யார் சொல்வது? மாணவர் சங்கம் இதைச் செய்யலாம் என்று நான் நினைக்கிறேன். நம் கல்லூரிக்கு நாற்பது ஐம்பது கிராமங்களிலிருந்து மாணவர்கள் வருகிறோம். ஒவ்வொருவரும் தன் ஊரில் உள்ள முன்னாள் வீரர்கள், வீரர்களின் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டு எழுதினாலே போதும், ஒரு பட்டியல் தயாராகிவிடும். அதில் எண்ணிக்கை மட்டும் வேண்டாம். பெயரும் இருக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒருநாளை அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஒதுக்கலாம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், எழுதத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கக்கூடிய முதல் உதவி அதுதான்.

தர்வான் சிங் நேகி தன் மார்பில் குத்திய பதக்கத்தோடு திருப்தி அடைந்திருக்கலாம். அவர் ஊருக்குப் பள்ளிக்கூடம் கேட்டார். 1918-இல் அந்தப் பள்ளியில் முதல் மணி அடித்தபோது, அதுவரை படிப்பையே பார்க்காத எத்தனையோ வீடுகளிலிருந்து முதல் பிள்ளை புறப்பட்டுப் போயிருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் வரலாற்றில் இல்லை. ஆனால் அவர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களில் பல பேருக்கும் தெரியும்.

வாழ்க படைவீரர் புகழ்! வளர்க கல்வி!